கேன்சர்ங்கறது ஒரே வியாதி இல்லீங்க: வீட்டு நாய்க்கு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி

1/ நாய்க்குக் கேன்சர்னு வெளியில சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு கோஷ்டி உடனே வந்து நிக்கும். ஒண்ணு, "மனுசனுக்கே வைத்தியம் இல்லாம கெடக்கறான், நாய்க்குப் போயி கீமோவாக்கும்?" இன்னொண்ணு, "பெத்த புள்ளையா இருந்தா இப்படி விடுவீங்களா? என்ன செலவானாலும் பாருங்க." அந்த நாய்க்கு வந்திருக்கறது என்ன கேன்சர்னு ரெண்டு கோஷ்டியும் கேக்கறதில்ல. இந்த த்ரெட் அந்தக் கேள்விக்காக. நீளம்தான், பொறுமையா படிங்க.

2/ நான் எம்.பி.பி.எஸ். அரசு ஆஸ்பத்திரியில மனுசங்களுக்கு வைத்தியம் பாக்கறேன். கால்நடை மருத்துவர் இல்ல. உங்க நாய்க்கு மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது, 1984-ம் வருச இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அதைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்குத்தான் குடுத்திருக்கு. ஆனா சொந்தத்துல, தெருவுல யார் வீட்டு நாய்க்குக் கட்டி வந்தாலும் "நீங்க டாக்டருதானுங்களே, என்ன பண்றதுங்க?"ன்னு முதல் போன் எங்களுக்குத்தான் வருது. அதனாலதான் பேசறேன்.

3/ முதல் கோஷ்டிக்கு வர்றேன். ஜி.எச். வரிசையைத் தினமும் பாக்கறவன் நான். ஒரு குடும்பம் சொந்தக் காசுல தன் நாய்க்கு வைத்தியம் பாக்கறதால எங்க வார்டுல ஒரு கட்டில்கூடக் குறையல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு. அது அரசாங்கப் பணம். உங்க லேப்ரடாரோட கீமோ அந்தப் பணத்துல வர்றதில்ல. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் திட்டறது கணக்கே இல்ல.

4/ காது குத்துக்கு மண்டபம் புடிச்சு ஆயிரம் பேருக்கு இலை போட்டா "பெரிய மனுசன்". நாய்க்கு ஆபரேசன் பண்ணா "கிறுக்கன்". மண்டபத்துல யாரும் "மனுசன் வைத்தியமில்லாம கெடக்கறான்"னு எந்திரிச்சு நிக்கறதில்லையே? நெசமாவே ஏழை நோயாளி மேல அக்கறை இருந்தா வாங்க, ரத்தம் குடுங்க. துணைக்கு ஆளில்லாம படுத்திருக்கறவங்களுக்கு ஒரு வேளை சோறு கொண்டாங்க. அதைப் பண்றவங்க பெரும்பாலும் அடுத்தவன் வீட்டு நாயைப் பத்திப் பேசறதில்ல.

5/ "இதெல்லாம் இப்ப வந்த பேஷன்"னும் சொல்வாங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. 7-ம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். தொறுப் பூசல்ல செத்த கருந்தேவக்கத்திங்கற வீரனோட கல்லு. அதுல அவனோட நாயும் இருக்கு. கள்ளனைக் கடிச்சு, எசமான் பக்கத்துலயே காவல் நின்ன அந்த நாயோட பேர் கோவிவன். 1,400 வருசத்துக்கு முன்னாடியே பேரோட கல்லுல வெட்டியிருக்காங்க. நாயை மதிக்கறது நமக்குப் புதுசு இல்ல.

6/ இப்ப ரெண்டாவது கோஷ்டி. இவங்க நல்லவங்க. ஆனா இவங்களால வர்ற கெடுதல் சில சமயம் முதல் கோஷ்டியை விட அதிகம். "கடைசி வரைக்கும் போராடோணும்"னு சொல்லிச் சொல்லியே, நுரையீரல் முழுக்கப் பரவின நாய்க்கு ஊசி மேல ஊசி ஏத்த வெக்கறாங்க. "வேண்டாம்"னு சொன்ன குடும்பத்தைக் குற்றவாளியாக்கறாங்க. போராடறது யாருங்க? ஊசி குத்தறது உங்களுக்கு இல்லையே.

7/ நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கேன்சரோட பேரும், அது எவ்வளவு பரவியிருக்குங்கறதும் தெரியாம நாய்க்கு வைத்தியமும் ஆரம்பிக்காதீங்க, கொல்லவும் கொல்லாதீங்க. ஒரு கேன்சர் சில வாரத்து ஊசியில சுத்தமா போயிடும். இன்னொண்ணு எவ்வளவு செலவு பண்ணாலும் சில மாசத்துல கொண்டுபோயிடும். ரெண்டுக்கும் "கேன்சர்"ங்கற ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு முடிவெடுத்தா அது முடிவே இல்ல. நாலு உதாரணம் சொல்றேன்.

8/ முதல் உதாரணம் டி.வி.டி. படம் பாக்கற டிவிடி இல்லீங்க. நாய்களுக்குள்ள இணை சேர்றப்போ ஒட்டிக்கற ஒரு கட்டி. பிறப்புறுப்புல காலிஃபிளவர் மாதிரி வளந்து ரத்தம் சொட்டும். மோந்து பாக்கறதாலயும் நக்கறதாலயும் மூக்கு, வாய்க்குக்கூட வரும். இதுல கிருமி எதுவும் இல்ல. கேன்சர் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போயி முளைக்குது. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு நாய்க்கு வந்த செல்லோட வாரிசுதான் இன்னைக்கும் உலகம் பூரா சுத்துது. மனுசனுக்கு ஒட்டாது.

9/ தெருநாய் சுதந்திரமா சுத்தற நம்ம நாட்டுல இது சாதாரணமா பாக்கற கேன்சர். மருந்து வின்கிரிஸ்டின். வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் 4-ல இருந்து 6 வாரம். பத்துல ஒன்பது நாய்க்கு மேல கட்டி முழுசா கரைஞ்சுடும். மருந்து விலை ஒரு வயல் சில நூறு ரூபாய்க்குள்ளதான். இதே மருந்தைத்தான் எங்க ஆஸ்பத்திரிகள்ல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் போடறோம்.

10/ இந்த மருந்து எதுல இருந்து வருது தெரியுங்களா? நித்தியகல்யாணி. வாசல்ல, கோயில் ஓரத்துல, யாரும் தண்ணி ஊத்தாமயே பூக்குமே, அதே செடி. சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. அதுக்காகச் செடியை அரைச்சு நாய்க்கு ஊத்திடாதீங்க, அது விஷம். ஊசி நரம்புக்கு வெளிய கொஞ்சம் கசிஞ்சாலே சதை வெந்து அழுகிப்போகும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி ரத்த அணுக்களை எண்ணிப் பாக்கோணும். கால்நடை மருத்துவர் கையால மட்டும்தான் போடோணும்.

11/ பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை. நாட்டு நாய், பேரு மணி. பின்னாடி ரத்தம் சொட்டுது. "கேன்சருங்க, மருந்து வெச்சு முடிச்சுடலாம்"னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லிட்டார், அந்த வீட்டு அப்புச்சியும் அரை மனசா ஒத்துக்கிட்டார். பேத்தி அழுது எனக்குப் போன் பண்ணுச்சு. "முதல்ல மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ கண்ணு"ன்னு மட்டும்தான் சொன்னேன். டி.வி.டி.தான். அஞ்சு ஊசி. மணி இப்பவும் மோட்டார் ரூமுக்குக் காவல் இருக்கு.

12/ ரெண்டாவது, பொட்டை நாய்க்கு வர்ற மார்புக் கட்டி. பெரும்பாலும் பின்னாடி இருக்கற ரெண்டு ஜோடி மடியில வரும். சுமாரா பாதிதான் கேன்சர், மீதி சாதாரணக் கட்டி. கேன்சராவே இருந்தாலும் 3 சென்டிமீட்டருக்குள்ள, பரவாம இருக்கறப்போ வெட்டி எடுத்தா பல நாய்ங்க முழு ஆயுசும் வாழும். எலுமிச்சம்பழம் அளவு ஆகற வரைக்கும் "பால் கட்டியிருக்குது"ன்னு மஞ்சப் பத்துப் போட்டுட்டு இருந்தா நிலைமையே வேற.

13/ அதனால ஆபரேசனுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்க. நுரையீரல்ல ஏற்கெனவே பரவியிருந்தா மார்பை முழுசா வெட்டறதால ஆயுசு கூடாது. புண்ணாகி நாத்தமடிச்சா அதுக்காக மட்டும் வெட்டலாம், அது வேற நோக்கம். வெட்டினதைக் குப்பையில போடாம பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க. "எடுத்தாச்சு, சரியாயிடும்"கறது ரிப்போர்ட் ஆகாது.

14/ இந்தக் கேன்சர்ல பெரும்பகுதியை வராமலே பண்ணியிருக்கலாம். 1969-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, முதல் ஹீட்டுக்கு முன்னாடியே கருத்தடை பண்ணின நாய்க்கு, பண்ணாத நாயோட ஒப்பிட்டா ஆபத்து 0.5 சதவீதம்தான். ஒரு ஹீட்டுக்கு அப்புறம் 8, ரெண்டுக்கு அப்புறம் 26. அந்த எண்கள் அவ்வளவு துல்லியமான்னு பின்னாடி கேள்வி எழுந்திருக்கு. கோல்டன் ரெட்ரீவர் மாதிரி பெரிய ஜாதிக்கு ரொம்பச் சின்ன வயசுல பண்ணா மூட்டுப் பிரச்சினை கூடுதுன்னும் ஆய்வு இருக்கு. வயசை உங்க கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நல்லது"ங்கறது மட்டும் சுத்தப் பொய்.

15/ மூணாவது, லிம்ஃபோமா. தாடைக்குக் கீழ, தோளுக்கு முன்னாடி, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி நெறி கட்டின மாதிரி உருண்டை. வலிக்காது. வைத்தியம் இல்லாம விட்டா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசம். பல மருந்து சேர்ந்த கீமோ போட்டா 80 சதவீதத்துக்கு மேல நாய்ங்களுக்குக் கட்டி நல்லா வத்தும், சராசரியா சுமார் ஒரு வருசம் கிடைக்கும். ரெண்டு வருசம் தாண்டறது நாலுல ஒண்ணோ அதுக்கும் கீழயோ. முழுசா குணமாகறது அபூர்வம். அஞ்சாறு மாசத்துக்குப் பதினஞ்சு தடவைக்கு மேல ஆஸ்பத்திரி போகோணும்.

16/ இங்கதான் நெசமான முடிவு வருது. ஒரு வருசம்ங்கறது நாய்க்குச் சின்னக் காலம் இல்ல. வசதி இருந்து, ஆஸ்பத்திரியைப் பாத்து நடுங்காத நாயா இருந்தா பண்ணலாம். அது நியாயம். முடியாதா? ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் குடுத்தா ஒண்ணு ரெண்டு மாசம் ஓரளவு நல்லா இருக்கும். அதுவும் நியாயம். ஆனா ஒண்ணு: பேர் தெரியறதுக்கு முன்னாடி யாராவது ஸ்டீராய்டு போட்டுட்டா, அப்புறம் பரிசோதனையும் குழம்பும், கீமோவும் சரியா வேலை செய்யாது. நெறி கட்டி இருக்கறப்போ "வீக்கத்துக்கு ஒரு ஊசி" வேண்டாம்னு சொல்லுங்க.

17/ நாலாவது, எலும்புக் கேன்சர். தோட்டத்துக் காவலுக்கு ராட்வீலர், கிரேட் டேன் வளக்கறவங்க கவனிங்க. பெரிய நாய்க்குத்தான் அதிகம். நொண்டும், "சுளுக்கு"ன்னு எண்ணெய் தேய்ப்பாங்க. 1993 மும்பை குண்டுவெடிப்புக்கு அப்புறம் 3,300 கிலோவுக்கு மேல ஆர்.டி.எக்ஸ். கண்டுபுடிச்ச போலீஸ் மோப்ப நாய் ஜஞ்சீர் 2000 நவம்பர்ல செத்தது எலும்புக் கேன்சர்லதான். போலீஸ் மரியாதையோட அடக்கம் பண்ணாங்க.

18/ இதுல காலை எடுத்தா வலி போயிடும். மூணு கால்ல நாய் ஓடும், நாம நெனைக்கற மாதிரி அதுக்குக் கூச்சமோ அவமானமோ இல்ல. ஆனா கண்டுபுடிக்கறப்பவே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாம நுரையீரலுக்குப் போயிருக்கும். காலை மட்டும் எடுத்தா சராசரி 4, 5 மாசம். கீமோவும் சேந்தா 10-ல இருந்து 12 மாசம். ஏற்கெனவே இடுப்பு மூட்டு போன கிழட்டு நாய்க்கு இந்தக் கணக்கே வேற. அந்த நாய்க்கு "வேண்டாம்"னு சொன்னவங்களைக் கல்நெஞ்சுன்னு சொல்ல யாருக்கும் தகுதி இல்ல.

19/ பேரைக் கண்டுபுடிக்க என்ன வேணும்? பல கட்டிகளுக்கு ஒரு சின்ன ஊசி. கட்டியில குத்தி, உறிஞ்சி, கண்ணாடிச் சில்லுல தடவி மைக்ராஸ்கோப்புல பாக்கறது. எங்க பக்கம் எஃப்.என்.ஏ.சி.ன்னு சொல்ற அதேதான். மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் வேண்டியதில்ல. இது பத்தாதப்போ பயாப்சி. "ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்"னு பயந்து இதைத் தள்ளிப்போடாதீங்க. மனுசங்ககிட்டயும் தினமும் இதே பயத்தோடதான் மல்லுக்கட்டறேன். மாசக்கணக்குல தள்ளிப்போடறப்பதான் பரவுது.

20/ இப்ப மனுச டாக்டரா ஒண்ணு சொல்றேன். என்கிட்ட வர்ற நோயாளி சொல்வாங்க: "பொண்ணு கல்யாணம் தையில, அதுவரைக்கும் இழுத்துப் புடிச்சுக் குடுங்க சார்." வாந்தி, முடி கொட்டறது, ரத்தம் ஏத்தறது எல்லாத்தையும் அந்தத் தேதிக்காகப் பொறுத்துக்குவாங்க. அது அவங்க உரிமை. நாய்க்குத் தை மாசம் கிடையாது. இன்னைக்கு வாந்தி எடுத்தா அடுத்த மாசம் நல்லாயிருப்போம்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு இருக்கறது இந்த நாள் மட்டும்தான். மனுசனுக்குப் பண்ற அதே கணக்கை நாய்க்குப் பண்ணக் கூடாதுங்கறதுக்கு இதுதான் காரணம்.

21/ நல்ல கால்நடை மருத்துவர்களுக்கு இது தெரியும். அதனாலதான் நாய்க்குக் கீமோ அளவு மனுசனை விடக் குறைவு. எப்படியாவது குணமாக்கறதைவிட நல்லா இருக்க வெக்கறதுதான் நோக்கம். பெரும்பாலான நாய்ங்களுக்கு முடி கொட்டாது. அட்மிட் பண்ற அளவு மோசமான பக்கவிளைவு சுமார் 20-ல ஒண்ணுக்குத்தான். "கீமோன்னாலே சித்ரவதை"ங்கறதும் தப்பு. ஊசி போட்ட ரெண்டு மூணு நாள் மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டு அள்ளுங்க. கர்ப்பிணியும் குழந்தைகளும் தள்ளியே இருக்கோணும்.

22/ கீமோ வேண்டாம்னா "ஒண்ணும் பண்ணல"ன்னு அர்த்தம் இல்ல. வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பசிக்கு வழி. இதுவும் முழு வைத்தியம்தான், இதுக்கும் டாக்டர் வேணும். ஆனா வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீங்க. ஐபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயோட வயித்தைப் புண்ணாக்கி கிட்னியைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினா நாயோட கல்லீரல் போகும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும். நாய்க்குன்னு வலி மருந்துகள் இருக்கு. எடை பாத்து எழுதிக் குடுப்பாங்க.

23/ எப்ப நிறுத்தறது? அமெரிக்க கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் ஏழு கேள்வி குடுத்திருக்காங்க. வலி அடங்கியிருக்கா? சாப்பிடுதா? தண்ணி குடிக்குதா? உடம்பைச் சுத்தமா வெச்சுக்க முடியுதா? சந்தோசமா இருக்கா? எந்திரிச்சு நடமாடுதா? கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா? ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போடுங்க. 70-க்கு 35-க்கு மேல இருந்தா தொடரலாம்.

24/ மார்க்கை ஒருத்தரே போடாதீங்க. வீட்ல ரெண்டு பேர் தனித்தனியா போடுங்க. தினசரி காலண்டர்ல நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி. நம்ம மனசு நம்மளை ஏமாத்தும். வாலை ஒரு தடவை ஆட்டினா "இன்னைக்குத் தேவலை"ன்னு நாம எழுதிக்குவோம். காலண்டர் அப்படி ஏமாத்தாது. வைத்தியம் ஆரம்பிக்கற அன்னைக்கே "இந்த நிலைமை வந்தா நிறுத்திடலாம்"னு எழுதி வெச்சுடுங்க.

25/ அப்புறம் கருணைக்கொலை. மனுசனுக்கு, குணமாகாத நிலையில கருவி வைத்தியம் வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வெக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்லதான் வழி விட்டுச்சு, 2023-ல நடைமுறையை எளிசாக்குச்சு. நாயால எழுத முடியாது. அதனால அந்தப் பாரம் உங்க தலையில. ஆனா ஒண்ணு கேளுங்க: "முதல்ல நல்லா மயக்கம் குடுத்துட்டுத்தானே அடுத்த மருந்து?" இதைக் கேக்கறது உங்க உரிமை. முடிஞ்சா பக்கத்துல இருங்க. கடைசியா அதுக்குக் கேக்கற குரல் தெரிஞ்ச குரலா இருக்கட்டும்.

26/ இதையும் பண்ணாம, வைத்தியமும் பண்ணாம, ராத்திரியில கார்ல ஏத்தி மலையடிவாரத்துலயோ கோயில் வாசல்லயோ இறக்கி விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. "அங்க யாராச்சும் சோறு போடுவாங்க"ன்னு ஒரு சமாதானம். பத்து வருசம் வாசல்ல கெடந்த ஜீவன், கட்டியோட, தெரியாத ஊர்ல. 1960-ம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுங்களா? 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். பார்க்கிங் கட்டணத்துக்கே பத்தாது. இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கத்தறதுக்கு அந்த ரெண்டு கோஷ்டியும் சேந்து வரலாமே?

27/ அரசுக்கும் ஒண்ணு கேக்கறேன். நாமக்கல்ல 1985-ல இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. உடுமலையிலயும் வந்தாச்சு. கோழிக்கும் மாட்டுக்கும் இவ்வளவு படிச்ச ஆளுங்க இருக்கற மண்டலம் இது. ஒவ்வொரு மாவட்டத்துக் கால்நடை பெரிய ஆஸ்பத்திரியிலயும் கட்டியில ஊசி குத்தி அங்கயே ரிப்போர்ட் குடுக்கற வசதி, வின்கிரிஸ்டின், வலி மருந்து எப்பவும் இருக்கோணும். காசுள்ளவன் நாய்க்குத்தான் கேன்சரோட பேர் தெரியும்ங்கற நிலைமை இருக்கக் கூடாது. தோட்டத்து மணிக்கும் தெரியோணும்.

28/ டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி. எழுதிக்கிட்டுப் போங்க.
என்ன கேன்சர், எதை வெச்சுச் சொல்றீங்க?
எங்கெல்லாம் பரவியிருக்கு?
வைத்தியம் பண்ணா எவ்வளவு காலம், அதுல நல்ல நாள் எவ்வளவு?
பண்ணாட்டி எப்படிப் போகும், வலிக்கு என்ன குடுப்பீங்க?
மொத்தச் செலவு எவ்வளவு, எந்தக் கட்டத்துல நிறுத்தலாம்?
எரிச்சல்படாம பதில் சொல்ற டாக்டரை விடாதீங்க.

29/ இந்த அஞ்சுக்கும் பதில் கேட்டுட்டு கீமோ போடறவங்களும் சரி. கேட்டுட்டு வேண்டாம்னு சொல்றவங்களும் சரி. ரெண்டு வீட்டுக்கும் போயி நியாயம் பேசாதீங்க. பேசியே ஆகோணும்னா, "பேரைக் கண்டுபுடிச்சாச்சுங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. இல்லைன்னா வண்டியை எடுத்துட்டு அவங்களையும் நாயையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

30/ கடைசியா ஒரு வேலை. மாசம் ஒருக்கா, குளிப்பாட்டறப்போ, தாடைக்குக் கீழ, தோளுக்கு முன்னாடி, முட்டிக்குப் பின்னாடி, மடி வரிசை, வாய்க்குள்ள, வாலுக்குக் கீழ கையால தடவிப் பாருங்க. அஞ்சு நிமிசம் ஆகும். புதுசா சுண்டக்காய் அளவு ஏதாவது தட்டுப்பட்டா அந்த வாரமே காட்டுங்க. நாய் இருக்கற வீட்டுக்கெல்லாம் இதை அனுப்புங்க.